ஊறப்போடும் நோட்டு

என் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதற்குள் பதினொரு நோட்டுகள். எல்லாமே 2006 ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் நடுவரைக்கும் எழுதியவை. முதல் நோட்டில் கையெழுத்து எறும்பு ஊர்ந்ததுபோலப் பொடியாக, ஒழுங்காக இருக்கும். நான்காவது நோட்டில் வரிகள் கோட்டை விட்டு மேலே கிளம்பிவிட்டன. ஒன்பதாவதில் பக்கத்துக்கு மூன்றே வரி; அதுவும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று மையில். அடிக்கோடு போட்ட இடத்தில் தாள் கிழிந்திருக்கிறது.

மொத்தம் நாற்பத்தேழு தொழில் திட்டங்கள். பிற்பாடு உட்கார்ந்து எண்ணினேன். அதில் ஒன்று, ஜிகர்தண்டாவைப் பொடியாக்கித் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஹாம்பர்க்குக்கு அனுப்புவது. வரைபடமே போட்டிருக்கிறேன். செங்கடலில் அம்புக்குறி. சூயஸ் பக்கத்தில் ஒரு கிளை அலுவலகம். இவ்வளவுக்கும் எனக்கு ஜிகர்தண்டா போடத் தெரியாது. மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில், ரெண்டு கம்ப்யூட்டரும் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் வைத்து டி.டி.பி. சென்டர் நடத்திக்கொண்டிருந்தவன் நான். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பிட் நோட்டீஸ், அவ்வளவுதான்.

அந்த ஏழு வாரத்தில் அம்மாவின் எட்டுப் பவுன் அடகுக்குப் போனது. கடைக்குக் கொடுத்திருந்த அட்வான்ஸையும் திரும்ப வாங்கினேன். பால் பொடியாக்கும் மெஷின் என்று சொல்லி யாரோ காட்டிய ஏதோ ஒன்றுக்கு முன்பணம் கொடுத்தேன். ராத்திரிக்கு ரெண்டு மணி நேரத் தூக்கம் போதும், களைப்பென்பதே இல்லை. ஊரும் தோதாக அமைந்தது. மதுரைக்குத் தூங்கா நகரம் என்று பெயர். விடியற்காலை மூன்று மணிக்கு மாட்டுத்தாவணியில் சுடச்சுட டீ கிடைக்கும், உட்கார்ந்து கேட்பதற்கு ஆளும் கிடைக்கும். மார்ச்சில் என்னை வார்டில் சேர்த்தார்கள். மே மாதத்திலிருந்து அடுத்த எட்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

பைபோலார் நோய் என்றால் என்ன, மருந்துகள் எவை, வார்டில் என்ன நடக்கும் என்பதையெல்லாம் முந்தைய அத்தியாயங்களில் பார்த்துவிட்டோம். இந்த அத்தியாயம் அந்தப் பெட்டியைப் பற்றியது. மாத்திரை பிடித்து, தூக்கம் சரியாகி, வீட்டார் எல்லோரும் ‘பய நல்லாயிட்டான்’ என்று சொன்ன பிறகும் உள்ளே ஓர் அரிப்பு மிஞ்சும். ‘இதுக்கா பிறந்தேன்?’ என்று அது கேட்கும். ஓ.பி.யில் அஞ்சு நிமிஷத்தில் டாக்டரிடம் இதைப் பேச முடியாது. வீட்டில் பேசினால் பயப்படுவார்கள்.

ஆசையும் நோயும் ஒரே வாசலில்

எனக்கு ரொம்ப நாள் ஒரு குழப்பம் இருந்தது. பெரிய ஆசை எனக்கு இயல்பிலேயே உண்டா, இல்லை நோய் கொண்டுவந்ததா? குணமான பிறகு ஆசை குறைந்தால் அதுதானே நோய் என்று நினைத்தேன். ஆனால் நன்றாக இருந்த வருஷங்களிலும் ஆசை இருந்தது.

கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழக உளவியலாளர் ஷெரி ஜான்சன் இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர். அவரும் சகாக்களும் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். பெரும் புகழ், பெரும் பணம் மாதிரி, ஆயிரத்தில் ஒருவருக்குக்கூடக் கிட்டாத இலக்குகளை வரிசையாகப் போட்டு, ‘இதை அடைய நீங்கள் முயல்வீர்களா?’ என்று கேட்கும் தாள். மேனியா என்கிற எழுச்சி, சோர்வு இரண்டும் இல்லாத நல்ல நாட்களில் கேட்டபோதும், பைபோலார் உள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக ‘ஆமாம்’ போட்டார்கள். அதாவது இந்த அரிப்பு நோய் தணிந்தாலும் போகாது. அதை முழுக்கப் பிடுங்கி எறியும்வரை குணமாகவில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஜான்சன் குழு 2000இல் வெளியிட்ட இன்னொரு முடிவுதான் என்னை உட்கார வைத்தது. ஓர் இலக்கை எட்டிய சம்பவத்துக்குப் பிறகு இவர்களுக்கு எழுச்சி அறிகுறிகள் கூடுகின்றன. தோல்விக்குப் பிறகு அல்ல, வெற்றிக்குப் பிறகு. பரீட்சை பாஸானது, வேலை கிடைத்தது, பதவி உயர்ந்தது, இப்படி.

நம் வீடுகளில் இதற்கு யாரும் தயாராக இல்லை. தோற்றுப்போய் வந்தால் அம்மா தலையைத் தடவுவாள், அக்கா போன் போடுவாள், நாலு பேர் கண்காணிப்பார்கள். ஜெயித்து வந்தால் கேசரி கிண்டுவார்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சொந்தக் கடையை மூடிவிட்டு வேறோர் அச்சகத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்திருந்த நேரம். 2011 ஐப்பசி. கிரந்த எழுத்தும் பழைய கணக்குக் குறிகளும் நிறைந்த ஒரு புத்தகத்தை நான் பக்கம் வடிவமைத்துக் கொடுத்தேன். ஆசிரியர் நேரில் வந்து, எல்லோர் முன்னாலும் கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டினார். முதலாளி சம்பளத்தைக் கூட்டினார். அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமைக்குள் அந்த அச்சகத்தையே விலைக்கு வாங்குவதற்கு நான் கணக்குப் போட்டுவிட்டேன். யானைக்கல் பாலத்தில் நின்று, ஒரு கூட்டாளியிடம் ரெண்டு மணி நேரம் போனில் பேசியிருக்கிறேன். நல்லவேளையாக அக்கா சனிக்கிழமை வந்தாள். நான் சோற்றில் கை வைக்காமல் பேசிக்கொண்டே இருப்பதை அஞ்சு நிமிஷம் பார்த்தாள். “டேய், நேத்து எத்தனை மணிக்குப் படுத்த?” என்றாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திங்கட்கிழமை டாக்டரைப் பார்த்தோம். மருந்து கொஞ்சம் கூடியது, வார்டு தேவைப்படவில்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் நல்ல செய்திக்கும் ஒரு பத்தியம் உண்டு. சந்தோஷமான சேதி வந்தால் அன்றைக்கு ஒருவரிடம் மட்டும் சொல்வேன். வழக்கமான நேரத்துக்குச் சாப்பாடு, வழக்கமான நேரத்துக்குப் படுக்கை. மூன்று நாளைக்கு யாருக்கும் புதிதாக எந்த வாக்கும் கொடுப்பதில்லை. விருந்து வேண்டுமானால் நாலாம் நாள் பகலில் வைத்துக்கொள்ளலாம். கேட்பதற்கு உப்புச் சப்பில்லாமல்தான் இருக்கும். காய்ச்சல்காரன் ஐஸ்கிரீம் கடையை எப்படிக் கடப்பானோ, அப்படித்தான் நான் பாராட்டைக் கடக்கிறேன்.

நோட்டை எப்படி வைப்பது

எண்பது பக்க நோட்டு ஒன்று போதும். கெட்டி அட்டை, தோல் உறை, வெளிநாட்டுப் பேனா எதுவும் வேண்டாம். அழகான நோட்டு இருந்தாலே நம் கை துறுதுறுக்கும். ஒரு யோசனை மண்டைக்குள் குதித்தால் அதை நோட்டில் ஊறப்போட வேண்டும். உளுந்து ஊறாமல் உரலில் போட்டால் என்ன ஆகும் என்று சமையல் தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

பக்கத்தின் தலையில் தேதியும் மணியும். அதற்குக் கீழே, முந்தின ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்ற எண். இந்த எண்ணை எழுதாமல் யோசனையை எழுதக் கூடாது; நோட்டின் உயிரே அதுதான். பிறகு யோசனை, மூன்று வரிக்குள். கடைசியாக, இது கேட்கும் பணம் எவ்வளவு, யாரிடம் சொன்னேன். அவ்வளவுதான். மூடி வைத்துவிடலாம்.

ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான். ரெண்டாவது பக்கத்துக்குக் கை போனால் அந்த யோசனையின் தரம் பேச்சே இல்லை. கை போனதுதான் சேதி. அப்போது எழுதுவதை நிறுத்திவிட்டுத் தூக்கக் கணக்கைப் பாருங்கள். மூன்று நாளாக எண் இறங்கிக்கொண்டே வந்து, உடம்பு அசதி காட்டாமல் இருந்தால் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது. தூக்கம் கெடுவதால் எழுச்சி வருகிறதா, எழுச்சியால் தூக்கம் கெடுகிறதா என்று கேட்டால் இரண்டும்தான். ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு போகும்.

யோசனை இருபத்தொரு நாள் ஊற வேண்டும். இந்த எண்ணுக்கு விஞ்ஞானம் எதுவும் கிடையாது. என் எழுச்சி மூன்று வாரத்துக்கு மேல் வீட்டாருக்குத் தெரியாமல் ஒளிந்திருந்ததில்லை, அதனால் வைத்துக்கொண்ட கணக்கு. உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். ‘ஆறின கஞ்சி பழங்கஞ்சி’ என்று சொல்லி அவசரப்படுத்துவார்கள். மதுரை வெயிலில் பழங்கஞ்சியின் அருமை தெரியாதவர்கள் சொல்லும் பேச்சு அது.

இருபத்தொரு நாள் கழித்து எந்த நாளில் எடுத்துப் படிக்கிறோம் என்பது முக்கியம். உற்சாகமான நாளில் படித்தால் எல்லாம் பொன்னாகத் தெரியும். இருண்டு கிடக்கும் நாளில் படித்தால் எல்லாம் குப்பை. ரெண்டும் பொய். மந்தமான ஒரு நாளாகப் பார்த்துத் திறக்க வேண்டும். சாம்பார் கொஞ்சம் தண்ணியாக இருந்த நாள், கரன்ட் ஒரு மணி நேரம் போய் வந்த நாள், விசேஷம் ஒன்றுமில்லாத நாள். அந்த நாளிலும் ஒரு யோசனை ‘என்னைச் செய்’ என்று மெதுவாகக் கேட்டால், அதுதான் உங்கள் ஆசை. கத்திக் கேட்டதெல்லாம் பெரும்பாலும் நோயின் ஆசை. என் பதினொரு நோட்டில் இருந்த நாற்பத்தேழில், மந்தமான நாளில் கேட்டது ஒன்றே ஒன்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

நோட்டுக்கு விலை உண்டு, மறைக்க மாட்டேன். 2013இல் ஒரு நண்பர் ஃபிளெக்ஸ் பிரிண்டிங் கடையில் பங்குக்குக் கூப்பிட்டார். நல்ல யோசனை. நோட்டில் எழுதி ஊறப்போட்டேன். அவரால் காத்திருக்க முடியவில்லை, வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார். இன்றைக்கு வில்லாபுரத்தில் சொந்த வீடு, கார். அந்தத் தெரு வழியாகப் போகும்போது வயிறு எரியத்தான் செய்கிறது. அந்தப் பங்கை எடுத்திருந்தால் நான் ஜெயித்திருப்பேனா, ஜெயித்த சூட்டிலேயே வார்டுக்குப் போயிருப்பேனா? இதற்கு என்னிடம் பதில் கிடையாது.

பணத்துக்குத் தனிக் காவல் வேண்டும். நோட்டு யோசனையைத்தான் பிடிக்கும், விரல் போனில் இருக்கிறது. என் சம்பளம் அக்காவும் நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடிகிற கணக்குக்குப் போகிறது. போனில் பணம் அனுப்பும் செயலியை, மாதச் செலவுக்கு மட்டும் பணம் இருக்கிற வேறொரு கணக்கோடு இணைத்திருக்கிறேன். கிரெடிட் கார்டு கிடையாது. உடனடிக் கடன் தரும் செயலிகளை இறக்குவதே இல்லை. வீட்டில் நகை இல்லை. நாற்பது வயசு ஆம்பளை இரண்டாயிரம் ரூபாய்க்கு அக்காவிடம் கையெழுத்துக் கேட்பது மானக்கேடு என்று முதல் வருஷம் எனக்குப் பட்டது. எட்டுப் பவுனை மீட்க ஆறு வருஷம் ஆனது என்று நினைத்துக்கொண்டால் மானம் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

உப்பும் கை நடுக்கமும்

‘மாத்திரை என் மூளையை மழுங்கடித்துவிட்டது.’ நம் ஆட்களைச் சந்திக்கிற இடத்திலெல்லாம் நான் கேட்கிற வாசகம் இது. பாதி உண்மை, பாதி துக்கம்.

லித்தியம் என்பது கல்லிலிருந்து எடுக்கும் ஒரு சாதாரண உப்பு. மெல்பர்னில் ஜான் கேட் என்ற மருத்துவர், மேனியா நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து 1949இல் எழுதினார். முக்கால் நூற்றாண்டு ஆகியும் நம் நோய்க்கு இதைத் தாண்டி நம்பகமான மருந்து அதிகமில்லை. தற்கொலை அபாயத்தைக் குறைப்பதிலும் இதற்குப் பேர் உண்டு. எழுச்சியின் சுவையைப் பறிக்கிறது என்பதற்காக இதை விட்டுவிட்டுக் கஷ்டப்பட்டவர்களில் மனநலத் துறையினரும் உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மனநோய்த் துறைப் பேராசிரியராக இருக்கும் கே ஜேமிசன் தனக்கே இந்த நோய் இருப்பதை 1995இல் வெளிவந்த தன் நூலில் வெளிப்படையாக எழுதினார். லித்தியத்தை விட்டுப் பட்ட பாடும் அதில் இருக்கிறது. பாடம் எடுப்பவருக்கே அந்த நிலை என்றால், ரெண்டு மாதம் மாத்திரையை ஜன்னல் வழியாக எறிந்த நீங்களோ நானோ தனியாக வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் எழுச்சி வேகமாகத் திரும்பும். மழுக்கம் தாங்க முடியவில்லை என்றால், ‘நிறுத்தட்டுமா’ என்று கேட்காமல் ‘அளவைப் பார்க்கலாமா’ என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அந்த அளவு ரத்தத்தில் பார்க்கப்படுவது. கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். தொடர் சிகிச்சையில் இருப்பவர்களுக்குப் பொதுவாக 0.6 முதல் 1.0 வரை வைப்பார்கள். 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. எனக்கு மேல்விளிம்பில் இருந்தபோதுதான் பஞ்சுக்குள் தலையை வைத்த மாதிரி இருந்தது. டாக்டர் மெல்லக் கீழே கொண்டுவந்தார், வார்த்தைகள் திரும்பி வந்தன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிட்னி, தைராய்டு சோதனையும் கட்டாயம்.

நம் ஊர்ப் பழக்கங்களில் மூன்று இதோடு மோதும். ஒன்று, பத்தியம். கோயிலுக்கு நேர்ந்துகொண்டோ, பிரஷர் என்று சொல்லியோ திடீரென உப்பில்லாமல் சாப்பிட ஆரம்பித்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். இரண்டு, அக்னி நட்சத்திரம். வியர்த்துக் கொட்டித் தண்ணீர் குடிக்காமல் இருந்தாலும், வயிற்றுப்போக்கு வந்தாலும் அதே கதை. மூன்று, மெடிக்கல் கடையில் வாய்க்கு வந்தபடி வாங்கும் வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் லித்தியத்தை உடம்பில் தேக்கும். தலைவலிக்கு டாக்டரைக் கேட்டுப் பாராசிட்டமாலோடு நின்றுகொள்வது நல்லது. சில பிரஷர் மாத்திரைகளும் இப்படித்தான், அதனால் எந்த டாக்டரிடம் போனாலும் லித்தியம் சாப்பிடுகிறேன் என்று முதலில் சொல்லுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, நாக்குக் குழறல், நடையில் தள்ளாட்டம், கை பெரிதாக உதறுதல், இவை சேர்ந்து வந்தால் அடுத்த வேளை மாத்திரைக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சின்ன நடுக்கம் பலருக்கும் இருக்கும். எனக்கு உண்டு. டம்ளர் காபியை முக்கால் அளவுதான் ஊற்றித் தரச் சொல்வேன். மவுஸைப் பிடிக்கும் கைக்குக் கீழே ஒரு மடித்த துண்டு. இருபது வருஷ அனுபவத்தில் நான் கண்டுபிடித்து உண்மையிலேயே பயன்பட்ட கருவி அந்தத் துண்டு ஒன்றுதான்.

தூங்கா நகரத்தில் ஐந்து நேரங்கள்

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எலன் ஃபிராங்க் என்பவர் நம் நோய்க்கென்று ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். அன்றாடத்தின் தாளம் தப்பாமல் காப்பதுதான் அதன் சாரம். ஐந்து நேரங்களைத் தினமும் குறிக்கச் சொல்வார்கள்: படுக்கையை விட்டு எழுந்தது, முதல் ஆளோடு பேசியது, வேலையைத் தொடங்கியது, ராத்திரிச் சாப்பாடு, படுத்தது.

என் ஐந்து: அஞ்சேமுக்கால், பால்காரர், ஒன்பதரை, எட்டு, பத்து. பால்காரர் ஒரு நேரம்தான். அவர் மணி தப்பியதே இல்லை. மூன்று நாள் லீவு போட்டாலும், அவசர வேலை வந்தாலும் இந்த ஐந்தை அரை மணி நேரத்துக்கு மேல் நகர்த்துவதில்லை. முகூர்த்த மாதங்களில் அச்சகத்தில் ராத்திரி வேலை இருக்கும். அதற்கு என்னைக் கூப்பிடக் கூடாது என்று சேரும்போதே பேசிவிட்டேன். அதனால் கூடுதல் கூலி கிடைக்காது.

சித்திரைத் திருவிழாவில்தான் கஷ்டம். எதிர்சேவை ராத்திரி ஊரே தெருவில் நிற்கும். தல்லாகுளம் பக்கம் பறைச் சத்தமும் வேட்டும் விடிய விடியக் கேட்கும். சின்ன வயதில் ஒரு வருஷம்கூட விடாமல் நின்றவன் நான். இப்போது ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்து, ஜன்னலைச் சாத்தி, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுப்பேன். விடிந்ததும் எழுந்து போனால் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க முடிகிற வருஷமும் உண்டு, கூட்டத்தில் பிறத்தியார் முதுகை மட்டும் பார்த்துத் திரும்பிய வருஷமும் உண்டு.

‘இப்ப என்ன பண்றாப்ல?’

146 நோயாளிகளைச் சராசரியாகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்து, 2002இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கிட்டத்தட்டப் பாதி வாரங்களில் அவர்களுக்கு ஏதோவோர் அறிகுறி இருந்தது. அதில் சோர்வு வாரங்கள் எழுச்சி வாரங்களைவிட மூன்று மடங்குக்கும் மேல். எழுச்சிதான் நம் உண்மையான நான் என்று ஏங்குகிறோமே, கணக்குப்படி அவர் எப்போதாவது வந்துபோகும் விருந்தாளி.

சோர்வில் சாதாரண வாழ்க்கை ஒரு தண்டனைத் தீர்ப்பு மாதிரி தெரியும். கூடப் படித்தவர்களின் வாட்ஸப் குழுவில் ஒருத்தன் கலிஃபோர்னியாவிலிருந்து வீட்டுப் படம் போடுவான். கல்யாண வீட்டுப் பந்தியில் பெரியப்பா முறையில் ஒருவர் அப்பாவிடம் கேட்பார்: “தம்பி இப்ப என்ன பண்றாப்ல?” அப்பா தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டு, “பிரஸ்ல இருக்காப்ல” என்பார். அந்தத் தண்ணீர் குடிக்கிற இடைவெளி எனக்கு ரொம்ப வருஷம் வலித்தது.

பதிலை முன்கூட்டியே தயார் செய்து வையுங்கள், கண்ணாடி முன்னால் சொல்லிக்கூடப் பாருங்கள். “கல்யாணப் பத்திரிகை, புத்தகம் எல்லாம் டைப் செட் பண்றேன் பெரியப்பா. உங்க பேத்தி கல்யாணத்துக்கு நான்தான் பண்ணித் தருவேன்” என்று நான் சொல்வேன். பெரியவர்கள் உடனே பேத்தி வரன் பேச்சுக்குப் போய்விடுவார்கள். வாட்ஸப் குழுவிலிருந்து சோர்வு வாரங்களில் வெளியேறிவிடுவேன், காரணம் சொல்வதில்லை. ஊறப்போடும் நோட்டையும் அந்த வாரங்களில் அக்காவிடம் கொடுத்துவிடுவேன்.

செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் அது தத்துவம் அல்ல, அறிகுறி. காய்ச்சலைச் சொல்வதுபோலச் சொல்ல வேண்டும். யாரும் பக்கத்தில் இல்லையென்றால் 14416க்குக் கூப்பிடலாம். டெலிமானஸ் என்ற அரசு உதவி எண், எந்நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், காசு கிடையாது. நலமாக இருக்கும் காலத்தில் இன்னொரு வேலையும் செய்து வையுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நமக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்னதாகவே எழுதிவைக்கவும், நமக்காகப் பேச ஒருவரை நியமிக்கவும் உரிமை தந்திருக்கிறது.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

இந்தப் பக்கங்களை மட்டும் அவர்களிடம் படிக்கக் கொடுங்கள். ஒருமுறை கல்யாண வீட்டில் யாரோ சொன்ன நகைச்சுவைக்கு நான் வாய்விட்டுச் சிரித்தேன். மாமா பக்கத்தில் வந்து காதில், “மாத்திரை போட்டீங்கள்ல மாப்ள?” என்றார். அவர் அன்பாகத்தான் கேட்டார். ஆனால் அன்றைக்கு மீதி நேரம் முழுக்க என் சிரிப்பை நானே அளந்து அளந்து சிரித்தேன். சந்தோஷத்தையெல்லாம் நோய் என்று சந்தேகித்தால், ஒளிக்கக் கற்றுக்கொள்வோம்; ஒளிக்கக் கற்றவனுக்கு உண்மையான எழுச்சி வரும்போது உங்களுக்கு எப்படித் தெரியும்?

அக்காவும் நானும் ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். அவள் மாத்திரையைப் பற்றிக் கேட்கக் கூடாது. தூக்கத்தைப் பற்றி எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். நான் எரிச்சலில் பதில் சொன்னால் ரெண்டாவது தடவை கேட்பாள். ரெண்டாவதிலும் எரிந்து விழுந்தால் டாக்டரிடம் நேரம் வாங்கிவிடுவாள், நான் மறுக்காமல் போக வேண்டும். இதுவரை நாலு முறை போயிருக்கிறோம். அதில் ஒருமுறை அவள் கணிப்பு தப்பு, எனக்கு வெறும் பல்வலி. போனதில் நஷ்டமில்லை.

‘உனக்கெதுக்குப்பா இதெல்லாம்’ என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். வேண்டுமானால் ‘நோட்டுல எழுதிட்டியா?’ என்று கேளுங்கள்.

நாற்பத்தேழில் ஒன்று

ஏழாவது நோட்டில், ரெண்டு பெரிய திட்டங்களுக்கு நடுவே, பென்சிலில் ஒரு வரி கிடக்கிறது: ‘பழைய பத்திரிகை பிளாக் எல்லாம் எங்கே போகுது?’ ட்ரெடில் மெஷின் ஓடிய காலத்தில் கல்யாணப் பத்திரிகை போன்றவற்றுக்கு என்று மரத்தில் அறைந்த உலோக பிளாக்குகள் இருக்கும். பிள்ளையார், குத்துவிளக்கு, கை கோத்த மணமக்கள், காதுகுத்துக்கு ஒரு குழந்தை, கருமாதிக்கு ஒரு தீபம். ஆஃப்செட் வந்ததும் எல்லாம் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போயின.

2009இல் ஒரு மந்தமான நாளில் அந்த வரி கண்ணில் பட்டது. 2012இலும் பட்டது. 2014இல் நோட்டில் ஏற்றினேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும் என்று அக்காவிடம் பேசினேன். மூடிப்போன அச்சகங்கள், எடைக்கடைகள். சில நாள் ஒன்றும் கிடைக்காது. கிடைத்தால் மண்ணெண்ணெயில் துடைத்து, மை தடவி, தாளில் ஒரு ஒத்து எடுத்து, எங்கே கிடைத்தது என்று எழுதிவைப்பேன். இன்றைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பிளாக் இருக்கிறது. மியூசியம் வைக்கலாம், காபி டேபிள் புத்தகம் போடலாம் என்று பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அந்த நினைப்பு வந்துகொண்டுதான் இருக்கிறது. எங்கே வைக்கிறேன் என்றால், அதே தகரப் பெட்டிக்குப் பக்கத்தில், இரண்டு பிரிட்டானியா பிஸ்கட் அட்டைப்பெட்டிகளில்.

நோட்டின் ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். போன வாரம் எழுதியது இது:

ஞாயிறு, மாலை 4.10. தூக்கம்: ஆறேமுக்கால் மணி நேரம். யோசனை: பிளாக்குகளை ஒத்து எடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா? ஒரு பள்ளி, ஒரு மதியம். பணம்: தாள், மை, ஆட்டோ சேர்த்து 400 ரூபாய். யாரிடம் சொன்னேன்: அக்கா. “எந்தப் பள்ளிக்கூடம்?”னு மட்டும் கேட்டா.